இயேசு யூதர்தானா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

வேதாகம வகுப்புகளிலும் ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டங்களிலும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். வசனங்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்படி. கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் சொல் முக்கியமாக மாறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறோம். பல குழப்பங்கள் வரலாற்றால் வந்தவையே அல்ல, தமிழ்ச் சொற்களால் வந்தவை.

இயேசு கிறிஸ்தவர்தானே? யூதர் என்று எப்படிச் சொல்றீங்க?

அவர் வாழ்ந்த காலத்தில் "கிறிஸ்தவர்" என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. அவர் சிலுவையில் இறந்து சில ஆண்டுகள் கழித்து, சிரியாவின் அந்தியோகியாவில்தான் சீஷர்களுக்கு அந்தப் பெயர் முதலில் வழங்கியது (அப்போஸ்தலர் 11:26). புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது.

யூதர் என்பதற்கு நற்செய்தி நூல்களிலேயே சாட்சி நிறைய. கிணற்றடியில் சந்தித்த சமாரியப் பெண், முன்பின் தெரியாதவரை, "நீர் யூதனாயிருக்க" என்றுதான் பேச ஆரம்பிக்கிறாள் (யோவான் 4:9). மரண தண்டனை கொடுத்த பிலாத்து சிலுவையின் மேல் "நசரேயனாகிய இயேசு யூதருடைய ராஜா" என்று எபிரேயு, கிரேக்கு, லத்தீன் மூன்றிலும் எழுதி வைத்தான் (யோவான் 19:19-20). கத்தோலிக்கச் சிலுவைகளின் உச்சியில் நான்கு எழுத்துகள் இருக்குமே, "ஐ.என்.ஆர்.ஐ." என்று? அந்த லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள்தான் அவை. இன்று இந்தக் காலத்தை ஆராயும் அறிஞர்களில், கிறிஸ்தவர், யூதர், நாத்திகர் யாராக இருந்தாலும், இயேசு யூதர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வகையான யூதர் என்பதில்தான் விவாதம்.

குழந்தையாக இருந்தபோது அவருக்கு யூதச் சடங்குகள் செய்தார்களா?

செய்தார்கள். லூக்கா 2ஆம் அதிகாரம் வரிசையாகச் சொல்கிறது. எட்டாம் நாள் விருத்தசேதனம் (ஆண் குழந்தையின் முன்தோலை நீக்கும் சடங்கு), அன்றே பெயர் வைத்தல். அடுத்தது தாயின் சுத்திகரிப்பு. லேவியராகமம் 12இன்படி ஆண் குழந்தை பெற்றவளுக்கு 7 நாள், அதன்பின் 33 நாள், ஆக 40. அது முடிந்ததும் எருசலேம் ஆலயத்தில் ஓராண்டு ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் பலி கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு வசதியில்லாதவர் இரண்டு புறாக்கள் கொடுக்கலாம். மரியாளும் யோசேப்பும் கொடுத்தது புறாக்கள். அவர்கள் ஏழைகள் என்பதை லூக்கா எங்கும் நேரடியாகச் சொல்வதில்லை. சட்டம் தெரிந்த வாசகருக்கு அந்தப் புறாக்களே போதும்.

சபை நாட்காட்டியைப் பார்த்தால் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. டிசம்பர் 25ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் ஜனவரி 1 எட்டாம் நாள், பிப்ரவரி 2 நாற்பதாம் நாள். ஆங்கிலிக்கன் மரபு ஜனவரி 1ஐ இயேசுவுக்கு விருத்தசேதனம் செய்து பெயரிட்ட நாளாக வைத்திருக்கிறது. பிப்ரவரி 2இல் மெழுகுவர்த்தி மந்திரித்துக் கொண்டாடுவது இந்த நாற்பதாம் நாளைத்தான். டிசம்பர் 25 உண்மையான பிறந்த தேதியா என்பது வேறு கதை. எண்ணுகிற முறை யூதமுறை.

அவர் பேர் உண்மையில் "யெஷுவா"வாமே? அப்போ "இயேசு" தப்பா?

தப்பில்லை. "யெகோஷுவா" என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம் "யெஷுவா". மோசேக்குப் பின் வந்த யோசுவாவுக்கும் அதே பெயர்தான். கிரேக்கத்தில் "ஷ" ஒலி இல்லை, அதனால் "ஸ" ஆயிற்று. கடைசியில் உள்ள "அயின்" என்ற தொண்டை எழுத்துக்கும் அங்கே இடமில்லை, அது விழுந்தது. ஆண்பால் பெயருக்குரிய "ஸ்" ஈற்றில் ஒட்டிக்கொண்டது. இப்படி "இயேசூஸ்" வந்தது. தமிழில் அந்த ஈற்று "ஸ்" போய் "இயேசு". பழைய கத்தோலிக்கத் தமிழில் "சேசு" என்றும் எழுதினார்கள்.

எபிரெயர் 4:8இல் "யோசுவா" என்று தமிழில் படிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது "இயேசூஸ்" என்ற அதே சொல். மொழிபெயர்ப்பாளர் இடம் பார்த்து இரண்டு பெயராகப் பிரித்திருக்கிறார். அந்தக் காலத்தில் மிகச் சாதாரணமான யூதப் பெயர் அது. வீட்டிலும் எல்லாம் அப்படித்தான்: தாய் மிரியாம், தம்பிகளாக மாற்கு 6:3 சொல்பவர்கள் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். இவை முற்பிதாக்களின் பெயர்கள். ("சகோதரர்" என்பதைக் கத்தோலிக்கர் நெருங்கிய உறவினர் என்று கொள்வர். பெயர்கள் யூதப் பெயர்கள் என்பதில் மாற்றமில்லை.)

"கிறிஸ்து" குடும்பப் பெயர் அல்ல. "மஷியாக்" (தமிழில் மேசியா) என்ற எபிரேயச் சொல்லின் கிரேக்க வடிவம், எண்ணெயால் அபிஷேகம் பெற்றவர் என்று பொருள். ஆக "இயேசு கிறிஸ்து" என்று சொல்லும்போதே ஒரு யூதப் பெயரையும் ஒரு யூதப் பட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

"நசரேயன்" என்றால் முடி வெட்டாத விரதம் இருப்பவர்தானே? அதனால்தான் அவருக்கு நீள முடியா?

இது முழுக்கத் தமிழால் வந்த குழப்பம். எண்ணாகமம் 6இல் திராட்சரசம் குடிக்காமல், முடி வெட்டாமல், பிணத்தருகே போகாமல் விரதம் காப்பவர் எபிரேயத்தில் "நாசீர்". நாசரேத் ஊர்க்காரருக்குக் கிரேக்கத்தில் "நசோரையோஸ்" என்று வேறு சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் "நசரேயன்" என்றே போட்டுவிட்டது.

இயேசு விரத நசரேயர் அல்ல. அவர் திராட்சரசம் குடித்தார், அதற்காகவே ஏச்சும் வாங்கினார் (மத்தேயு 11:19). இறந்துபோன சிறுமியின் கையைப் பிடித்துத் தூக்கினார் (லூக்கா 8:54). நீள முடிக்கு இதில் ஆதாரம் இல்லை.

அப்போ பார்க்க எப்படி இருந்திருப்பார்?

நற்செய்தி நூல்கள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நீல விழி, பொன்னிற முடி ஐரோப்பிய ஓவியர் கொடுத்தவை. சிரியாவின் துரா-யூரோப்போஸில் கிடைத்த, கி.பி. 235ஐ ஒட்டிய சுவரோவியத்தில் குட்டை முடியும் தாடியில்லாத முகமுமாக இருக்கிறார். அதுவும் நேரில் பார்த்து வரைந்ததில்லை. மேற்காசிய யூதர்களின் மாநிறம், கறுத்த முடி என்று நினைத்துக்கொண்டால் பிழை குறைவு. ஆண்கள் நீள முடி வளர்ப்பது கனவீனம் என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11:14).

யூதா கோத்திரம் என்கிறார்களே, நம்ம ஊர் கோத்திரம் மாதிரியா?

சொல் ஒன்று, பொருள் வேறு. யாக்கோபின் 12 மக்கள் வழிவந்த குலங்களையே வேதாகமம் கோத்திரம் என்கிறது. நம்மூரில் ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். அங்கே அதற்குத் தடையில்லை. சொத்துரிமை பெற்ற மகள்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயேதான் மணம் செய்ய வேண்டும் என்றுகூடச் சட்டம் இருந்தது (எண்ணாகமம் 36). உயர்வு தாழ்வு, தீட்டுப் படிநிலை என்று சாதியோடு ஒப்பிடுவதும் பொருந்தாது.

இதன் நடைமுறை விளைவு ஒன்று உண்டு. ஆசாரியர்கள் லேவி கோத்திரத்தில் ஆரோன் வழியினர் மட்டும். இயேசு யூதா கோத்திரத்தவர், ஆகவே ஆலயத்தில் பலி செலுத்தும் உரிமை அவருக்கு இல்லை. எபிரெயர் 7:14 இந்தச் சிக்கலை எடுத்து வைத்துக்கொண்டுதான், லேவி கோத்திரத்துக்கு வெளியே ஆசாரியனாக இருந்த மெல்கிசேதேக்கைப் பற்றி வாதம் செய்கிறது. மத்தேயு 1இல் தலைமுறைகளை 14, 14, 14 என்று அடுக்கியிருப்பதும் யூதா கோத்திரத்து அரசன் தாவீதைச் சுட்டத்தான் என்று பலர் கருதுகிறார்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரைக் கூட்டினால் 4+6+4, அதாவது 14.

யோசேப்பு சொந்தத் தகப்பன் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் யூத வம்சம் எங்கிருந்து வரும்?

கூர்மையான கேள்வி. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பின்படி, தாய் யூதரானால் பிள்ளை யூதர். இயேசு காலத்திலேயே அது கறாரான விதியா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். மரியாள் யூதர் என்பதால் இங்கே எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றே.

தாவீது வழி என்பது தனிக் கேள்வி. கோத்திரம் தந்தை வழி வருவது. மத்தேயு, லூக்கா இருவரும் யோசேப்பின் வழியாகவே பட்டியல் கொடுக்கிறார்கள். யோசேப்பு பெயரிட்டுத் தன் பிள்ளையாக ஏற்றதால் சட்டப்படி அவர் வழி என்பதே வழக்கமான விளக்கம். லூக்காவின் பட்டியல் மரியாளுடையது என்று சிலர் சொல்வதுண்டு. வசனத்தில் யோசேப்பின் பெயர்தான் இருக்கிறது. மரியாளின் உறவினளான எலிசபெத்து ஆரோன் வழி வந்தவள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த விளக்கம் இன்னும் சிக்கலாகிறது.

அவர் "அப்பா"ன்னு கூப்பிட்டாராமே, அது தமிழா?

இல்லை. அது அரமேயம், எபிரேயத்துக்கு நெருங்கிய மொழி, அன்றைய கலிலேயாவின் வீட்டுமொழி. மாற்கு சில சொற்களை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்: "தலீத்தாகூமி" (5:41), "எப்பத்தா" (7:34), சிலுவையில் சொன்ன "ஏலோயீ" (15:34). "அப்பா"வும் அப்படி ஒன்று (14:36). தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் அங்கே ஒலிப்பது "பம்பரம்" என்பதில் இரண்டாவதாக வரும் "ப". குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் என்பதால் உலகெங்கும் தாய் தந்தைச் சொற்கள் இப்படி ஒத்துப்போகும்.

வேதவாசிப்புக்கு எபிரேயம் தெரிந்திருக்க வேண்டும். நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயா சுருளை விரித்து வாசித்ததாக லூக்கா 4:16-20 சொல்கிறது.

ஜெப ஆலயம், தேவாலயம், ஆலயம்... எல்லாம் ஒண்ணுதானே?

இதைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் நற்செய்தியில் பாதி புரியாது. தேவாலயம் ஒன்றே ஒன்று, எருசலேமில். பலி, ஆசாரியர், தூபம் எல்லாம் அங்கே மட்டும். ஜெப ஆலயம் ஊருக்கு ஊர் உண்டு. கூடுவதற்கும் வேதம் வாசித்து விளக்கம் கேட்பதற்கும் உள்ள இடம், பலி கிடையாது. கத்தோலிக்கர் "தொழுகைக்கூடம்" என்கிறார்கள், அது தெளிவு. கலிலேயாக் கடலோரம் மக்தலாவில் 2009இல் தோண்டியெடுத்தது முதல் நூற்றாண்டின் அப்படிப்பட்ட ஒரு கூடம். இன்று நாம் கிறிஸ்தவக் கோவிலையும் தேவாலயம் என்பதால் மூன்றும் ஒன்றாகக் குழம்புகின்றன.

இயேசு இரண்டுக்கும் போனார். ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்ததை வைத்து, யூத வழிபாட்டையே வெறுத்தார் என்பார்கள். அவர் அப்போது சொன்ன "கள்ளர் குகை" எரேமியா 7:11இலிருந்து எடுத்தது. ஆலயத்தின் உள்ளே நின்று ஆலயத்தைக் கண்டிப்பது தீர்க்கதரிசிகளின் பழைய வழக்கம். காசுக்காரர் அங்கே இருந்ததற்கும் காரணம் உண்டு. ஆண்டுதோறும் கட்டும் அரைச் சேக்கல் வரியைத் தீரு நகரத்து வெள்ளிக்காசில்தான் செலுத்த வேண்டும், ஆகவே காசு மாற்ற வேண்டும். புறா விற்பவர் யாருக்காக என்பதை மேலே பார்த்தோம்.

அவர் உடையில் யூதர்கள் போடும் குஞ்சம் இருந்ததா?

இருந்தது. தமிழில்தான் மறைந்துவிட்டது. எண்ணாகமம் 15:38 மேலாடையின் ஓரங்களில் தொங்கல்கள் வைத்து, இளநீல நாடா கட்டச் சொல்கிறது. பெரும்பாடுள்ள பெண் தொட்டது "வஸ்திரத்தின் ஓரம்" என்று மத்தேயு 9:20இல் படிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே உள்ள "கிராஸ்பெதோன்" என்ற சொல்லையே, பரிசேயர் (சட்டத்தைக் கறாராகக் காத்த ஒரு யூதப் பிரிவினர்) பெரிதாக்கிக்கொள்ளும் "தொங்கல்கள்" பற்றிப் பேசும் மத்தேயு 23:5லும் காண்கிறோம். அங்கே அவர் கண்டிப்பது மற்றவர் பார்க்க நீளமாக விடுவதை. தொங்கல் அவருக்கும் இருந்தது.

யூதப் பண்டிகை எதெல்லாம் கொண்டாடினார்?

பஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையான நினைவு), கூடாரப் பண்டிகை (யோவான் 7), ஓய்வுநாள். யோவான் 10:22இல் குளிர்காலத்தில் ஆலயத்தில் உலாவுகிறாரே, அந்தத் "தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை"தான் இன்று யூதர்கள் எட்டு நாள் விளக்கேற்றும் ஹனுக்கா. கி.மு. 164இல் மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்ததன் நினைவு. அந்த வரலாறு மக்கபேயர் நூல்களில் இருக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் அவை உண்டு, புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை. அதனால் நம்மில் பலர் அந்த வசனத்தைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறோம்.

ஓய்வுநாளை மீறினாரே! பிறகு எப்படி நல்ல யூதர்?

ஓய்வுநாள் வேண்டுமா என்று எங்கும் அவர் கேட்கவில்லை. அன்று எது கூடும், எது கூடாது என்பதே வாதம். அந்த வாதம் யூதர்களுக்குள் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. குழியில் விழுந்த ஆட்டை அன்று தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்கிறார் (மத்தேயு 12:11). சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஒரு பிரிவாரின் சட்டம், தூக்கக்கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறது. அவரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தூக்கலாம் என்ற பக்கத்தவர்கள், அதனால்தான் அந்தக் கேள்வி வேலை செய்கிறது.

சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்த விஷயத்தைப் பாருங்கள் (மாற்கு 2:23). அடுத்தவர் வயலில் கையால் கதிர் கொய்து தின்பது திருட்டல்ல, உபாகமம் 23:25 அனுமதிக்கிறது. கையால் கொய்வதும் அறுவடையா என்பதே கேள்வி. மிஷ்னா பட்டியலிடும் 39 வேலைகளில் அறுவடை ஒன்று. ஓய்வுநாளில் சூம்பின கையுடையவனைக் குணமாக்கியதிலும் இதே நுணுக்கம். உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாளை மீறலாம் என்பதை ரபிகளும் (யூத வேத ஆசிரியர்கள்) ஏற்றார்கள். சூம்பின கை நாளைக்கும் அப்படியே இருக்கும், அவசரம் என்ன என்பது எதிர்த்தரப்பின் நியாயம். லூக்கா 13:14இல் ஜெப ஆலயத் தலைவன் அதைத்தான் சொல்கிறான். "கையை நீட்டு" என்று வாயால் சொல்வதோ எந்தப் பட்டியலிலும் வேலையாகாது.

"மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை" என்ற அவருடைய வாக்குக்கு மிக நெருக்கமாக, "ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் ஓய்வுநாளிடம் ஒப்படைக்கப்படவில்லை" என்று பிற்கால ரபி இலக்கியத்திலும் இருக்கிறது. யார் யாரிடம் கற்றார் என்பது இதில் பொருட்டல்ல. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை.

எல்லா உணவும் சுத்தம் என்று சொல்லி பன்றிக்கறியை அனுமதித்தாரே?

மாற்கு 7இன் தொடக்கத்திலிருந்து படியுங்கள். பேச்சு பன்றியைப் பற்றியதல்ல, கை கழுவாமல் சாப்பிடலாமா என்பது. கை கழுவுதல் மோசேயின் சட்டமல்ல, முன்னோர் பாரம்பரியம். 19ஆம் வசனத்தின் கடைசித் துண்டில்தான் சிக்கல். திருவிவிலியம் அதை, எல்லா உணவும் தூயவை என்று இயேசு குறிப்பிட்டதாக, ஆசிரியரின் விளக்கமாக எடுக்கிறது. பழைய மொழிபெயர்ப்போ உணவின் அசுத்தம் உடலிலிருந்து கழிந்துபோவதாகப் பொருள் கொள்கிறது. கையெழுத்துப் பிரதிகளில் ஓர் எழுத்து நீள்வதா குறுகுவதா என்பதைப் பொறுத்த வேறுபாடு இது.

எப்படி எடுத்தாலும், அவரோடு இருந்த பேதுரு பின்னாளில் யோப்பாவில், தீட்டான எதையும் ஒருக்காலும் புசித்ததில்லை என்கிறார் (அப்போஸ்தலர் 10:14). குருவின் பந்தியில் பன்றிக்கறி பரிமாறப்பட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பரிசேயர்கள்தானே அவருக்கு முதல் எதிரி?

சண்டை அதிகம், நெருக்கமும் அதிகம். பரிசேயர் வீடுகளில் சாப்பிட்டிருக்கிறார் (லூக்கா 7, 11, 14). ஏரோது கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று எச்சரித்தவர்களும் பரிசேயரே (லூக்கா 13:31). உயிர்த்தெழுதல் உண்டா என்பதில் அவர் பரிசேயர் பக்கம், மறுத்தவர்கள் சதுசேயர் என்ற வேறொரு யூதப் பிரிவினர். பரிசேயருக்குள்ளேயே ஹில்லேல், ஷம்மாய் என்று இரண்டு பள்ளிகள். "எந்த முகாந்தரத்தினாலாகிலும்" மனைவியைத் தள்ளலாமா என்று மத்தேயு 19:3இல் கேட்பது ஹில்லேல் பள்ளியின் நிலைப்பாட்டை வைத்துத்தான். அந்தப் பள்ளி அற்பக் காரணமும் போதும் என்றது. ஷம்மாய் பள்ளி ஒழுக்கக்கேடு மட்டுமே என்றது. இயேசுவின் பதில் ஷம்மாய்க்கு நெருக்கம். ஓய்வுநாளில் இளக்கம், விவாகரத்தில் கறார்: ஒரு கட்சிக்குள் அடங்காதவர்.

"பரிசேயன்" என்றாலே மாய்மாலக்காரன் என்று பிரசங்கத்தில் வசைச்சொல்லாகப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொள்வது நல்லது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் யூத சமயத்தைத் தாங்கிப் பிடித்த ரபிகள் அவர்கள் வழியில் வந்தவர்களே.

கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதானே?

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆம் என்கிறார்கள். யோவானின் கணக்கு ஒரு நாள் முந்தியது. யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாள் பிற்பகலில் ஆடு அடிப்பார்கள், சூரியன் மறைந்ததும் 15 பிறக்கும், அந்த இரவில் சாப்பிடுவார்கள். முதல் மூன்று நூல்களில் இயேசு அந்த இரவில் சாப்பிடுகிறார். யோவானிலோ அவரைப் பிலாத்திடம் கொண்டுவந்தவர்கள் இனிமேல்தான் பஸ்கா புசிக்கவேண்டும் (18:28), ஆகவே அவர் இறப்பது ஆடு அடிக்கும் நாளில். இரண்டையும் ஒட்டவைக்கப் பல முயற்சிகள் உண்டு, எதுவும் எல்லாருக்கும் திருப்தியாக அமையவில்லை.

ஒரு எச்சரிக்கை. இன்றைய யூத வீடுகளின் பஸ்கா இரவு ஒழுங்கு ஆலயம் அழிந்தபின் உருவானது. நான்கு கிண்ணங்கள் என்ற விதி மிஷ்னாவில்தான் எழுத்தில் வருகிறது. இன்றைய ஒழுங்கை எடுத்து, இயேசு இந்தக் கிண்ணத்தில் இதைச் சொன்னார் என்று பொருத்திக் காட்டுவது காலக்குழப்பம். ஸ்தோத்திரப்பாட்டுப் பாடிவிட்டுப் புறப்பட்டார்கள் (மாற்கு 14:26) என்பது மட்டும் பஸ்காவில் பாடும் 113 முதல் 118 வரையான சங்கீதங்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

யூதர்கள்தானே அவரைக் கொன்றார்கள்?

சிலுவை ரோமத் தண்டனை. ஆணையிட்டவன் பொந்தியு பிலாத்து, கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி. பிரதான ஆசாரியன் காய்பாவும் ஆலயத் தலைமையும் பிடித்துக் கொடுத்ததில் பங்குகொண்டவர்கள். அவர்கள் ஒரு சிறு அதிகார வட்டம். கதறி அழுத எருசலேம் பெண்களும் யூதர்கள், அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பும் யூதர், இறந்தவரும் யூதர்.

யோவான் நூலில் "யூதர்" என்ற சொல் சுமார் 70 முறை வருகிறது, பல இடங்களில் எதிரிகளைக் குறித்து. ஆனால் 9:22ஐப் பாருங்கள்: குருடனாயிருந்தவனின் பெற்றோர் "யூதர்களுக்குப் பயந்தார்கள்". அந்தப் பெற்றோரே யூதர்கள்! எனவே அங்கே அது யூதேயாவின் தலைமையைக் குறிக்கிறது என்று பலர் கொள்கிறார்கள். யூதாஸ் என்ற பெயரையும் யூதர் என்பதோடு முடிச்சுப் போடுவார்கள். கிரேக்கத்தில் யாக்கோபின் மகன் யூதா, இயேசுவின் சகோதரன் யூதா, காட்டிக்கொடுத்த யூதாஸ் மூவருக்கும் ஒரே பெயர். தமிழ்தான் துரோகிக்கு மட்டும் "ஸ்" வைத்துத் தனியாக்கியது.

இந்தப் பழியால் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், அன்றிருந்த எல்லா யூதர் மேலும் இன்றுள்ள யூதர் மேலும் அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று அறிவித்தது. தவக்காலத்தில் ஊரில் பாஸ்கா நாடகம் (இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம்) போடுகிறவர்கள் ஒன்று செய்யலாம். காய்பா கூட்டத்துக்கு மட்டும் "யூத உடை" என்று வைக்காமல், மரியாளுக்கும் பேதுருவுக்கும் இயேசுவுக்கும் அதே உடை மரபைக் கொடுங்கள்.

அவர் பாலஸ்தீனர் என்கிறார்களே, யூதரா பாலஸ்தீனரா?

நிலப்பகுதியின் பெயரையும் மக்களின் பெயரையும் கலக்கும் கேள்வி. அவர் வளர்ந்த கலிலேயாவை அப்போது ஏரோது அந்திப்பா ஆண்டான். எருசலேம் இருந்த யூதேயா ரோமர் கையில். "பாலஸ்தீனா" என்ற சொல்லைக் கிரேக்க எழுத்தாளர்கள் முன்பே பயன்படுத்தியதுண்டு. ரோமர் அதை மாகாணத்தின் அதிகாரப் பெயராக்கியது 132-135இல் நடந்த யூதக் கிளர்ச்சியை ஒட்டி, இயேசுவுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து. அவரையே கேட்டிருந்தால் யூதர், கலிலேயர், இஸ்ரவேலர் என்றிருப்பார். இதை வைத்து இன்றைய நிலத் தகராறில் யாருக்கும் சாதகமாகத் தீர்ப்பு எழுத முடியாது.

கலிலேயா புறஜாதியார் நாடுதானே? அவர் ஆரியர் என்றும் படித்தேன்.

"புறஜாதியாருடைய கலிலேயா" என்பது ஏசாயாவின் பழைய தொடர். முதல் நூற்றாண்டுக் கலிலேயக் கிராமங்களைத் தோண்டினால் கிடைப்பது சுத்திகரிப்புக் குளங்கள், கல் பாத்திரங்கள். பன்றி எலும்பு அபூர்வம். கல் பாத்திரம் ஏன்? மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும், கல்லுக்குத் தீட்டு ஒட்டாது. கானாவூர் கலியாணத்தில் ஆறு கற்சாடிகள் நின்றதும் இதனால்தான் (யோவான் 2:6).

ஆரிய இயேசு கதைக்குப் பின்னால் அரசியல் உண்டு. 1939இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில், திருச்சபையிலிருந்து யூதத் தாக்கத்தை நீக்கவென்றே ஒரு நிறுவனம் திறந்தார்கள். அதை நடத்திய வால்டர் கிருண்ட்மன் கலிலேயாவைக் காட்டித்தான் இயேசு யூதரல்ல என்று எழுதினார். இந்தியாவில் படித்தார் என்ற கதை 1894இல் நோட்டோவிச் என்ற ரஷ்யர் வெளியிட்ட புத்தகத்தால் பரவியது. அவர் குறிப்பிட்ட லடாக்கின் ஹேமிஸ் மடத்துத் தலைவர், அப்படி ஒரு சுவடியே இல்லை என்று மறுத்துவிட்டார்.

அப்போ கிறிஸ்தவ மதத்தை ஆரம்பித்தது யார்? பவுலா?

பவுலும் கடைசிவரை தன்னை யூதராகவே சொன்னவர் (பிலிப்பியர் 3:5). புதிய மதம் தொடங்குவதாக இருவருமே அறிவிக்கவில்லை. சுமார் 49இல் எருசலேமில் கூடிய கூட்டத்தில் (அப்போஸ்தலர் 15) எழுந்த கேள்வியே, யூதரல்லாதவர் சேரும்போது விருத்தசேதனம் வேண்டுமா என்பது. வேண்டாம் என்று முடிவாயிற்று. விக்கிரகப் படையல், இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை விலக்கச் சொன்னார்கள். யூத விசுவாசிகள் சட்டத்தை விடவேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை.

பிரிவு மெல்ல நடந்தது. 70க்குப் பின் யூதர் மேல் ரோமர் போட்ட இரண்டு திராக்மா தலைவரி, "நீ யூதனா இல்லையா" என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தது. 325இல் நிகேயா சங்கம், யூதர் கணக்கைச் சாராமல் உயிர்ப்பு ஞாயிறைக் குறிக்க முடிவு செய்தது. நடுவில் சுமார் 144இல் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியச் சொன்னார். ரோமச் சபை அவரைத்தான் வெளியே அனுப்பியது.

அவர் யூதர் என்றால் யூதர்கள் ஏன் ஏற்கவில்லை?

சிலர் ஏற்றார்கள், முதல் சபை முழுக்க அவர்களே. மற்றவர்களின் எதிர்பார்ப்பு வேறு. மேசியா வந்தால் சிதறிய இஸ்ரவேல் கூடும், ஆலயம் நிற்கும், போர் ஓயும். நடந்ததோ நேர்மாறு, 70இல் ஆலயமே போயிற்று. ஒரு மனிதரைக் கடவுளாக வணங்குவதும், "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று காலையும் மாலையும் ஓதுகிறவர்களுக்கு இயலாத காரியம். அந்த ஓதுதலையே முதற்கட்டளை என்று இயேசு சொன்னார் (மாற்கு 12:29) என்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

நாமும் ஓய்வுநாள், பஸ்கா எல்லாம் அனுசரிக்கணுமா? எங்க சபையில் ஆட்டுக்கொம்பு எக்காளம் ஊதுறாங்க.

யூதரல்லாத விசுவாசிக்கு அது கடமையில்லை என்பதற்கு மேலே சொன்ன அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரமே பதில். கற்றுக்கொள்ள ஆசையாக இருந்தால் வேறு. பஸ்கா பற்றி வகுப்பு எடுப்பதானால் யாத்திராகமம் 12ஐ வாசியுங்கள், புளிப்பில்லா அப்பத்தையும் கசப்புக் கீரையையும் காட்டுங்கள், எது மோசே சட்டத்தில் உள்ளது, எது மிஷ்னாவில் வந்தது, எது அதற்கும் பிந்தியது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஜெபச் சால்வையைப் போதகர் மேடை உடையாக அணிவதும், அதைத் தொட்டால் சுகம் என்று விற்பதும் வேண்டாம். அதன் மூலையில் தொங்கும் குஞ்சம், எண்ணாகமம் 15:39இன்படி, அணிந்தவர் தானே பார்த்துக் கட்டளைகளை நினைத்துக்கொள்வதற்கு வைத்தது.